ஐம்பது மணித்தியாலம்

இருக்கைக்குப் பக்கத்தில் சின்னக் கண்ணாடிக்குள்
எண் ஐம்பதைத் தொட்டுவிட்டது.
தொட்டால் ஒயில் மாற்ற வேண்டுமாம்.
ரொறன்ரோ பழைய மாணவர் சங்கம்
மெசினோடு அனுப்பின புத்தகத்தில் படம் போட்டிருக்கிறது.
படத்தில் இருப்பவர் கையுறை போட்டிருக்கிறார்.
எனக்குப் பாண் வாங்கின பை இரண்டு.

வெள்ளிக்கிழமை இல்ல மெய்வல்லுநர் போட்டி.
மார்கழி மழை குடித்த புல்
நூறு மீற்றர் ஓடுபாதையில் முழங்கால் மட்டும் நிற்கிறது.
அதிபர் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார்.
மூன்றாம் தரம் வரவில்லை,
சின்னராணியிடம் தேத்தண்ணி கொடுத்துவிட்டார்.
அது இன்னும் மோசம்.

மாங்குளம் சந்திக் கடையில்
முப்பதாம் நம்பர் ஒயில் இல்லை.
"லாண்ட்மாஸ்டருக்கு விடுறது இருக்கு பிள்ளை,
அதுவும் புல்லுக்குள்ளதானே ஓடுது" என்றார் றெஜினோல்ட்.
கொக்காவில் தாண்டிக் கிளிநொச்சிக்குப் போய்
ஒன்றரை லீற்றரை மடியில் வைத்து பஸ்ஸில் வந்தேன்.
பக்கத்து இருக்கைக்காரி
தேன் என்று நினைத்து விலை கேட்டாள்.

முதலில் ஐந்து நிமிடம் ஓட விட வேண்டும்,
சூடு ஏறினால்தான் பழசு இளகும்.
பிறகு நிற்பாட்டி,
சாவியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டு,
குப்புறப் படுத்தேன்.

வயிற்றின் கீழ் ஈரமண்.
கை தானாக முன்னே போனது,
விரல் நுனி சாய்வாக, மெல்ல, அதைவிட மெல்ல.
இரும்பு தட்டுப்பட்டதும் நின்றது.
மூச்சும் நின்றது.
"அக்கா, அது ஒயில் நட்டுத்தான்" என்றான்
சட்டி பிடித்துக்கொண்டிருந்த டிலக்சன்.
ஓம். நட்டுத்தான்.
இடப்பக்கம் திருப்பினால் இளகும்.

அதற்கு முதல் ஏழு வருசம், முகமாலையில்,
எனக்குப் புல் வெட்டுகிற வேலைதான்.
முழங்காலில் இருந்து, கத்தரிக்கோலால்,
ஒரு பிடி வெட்டி, அதை எடுத்துப் பின்னால் வைத்து,
பிறகுதான் மண்ணைத் தொடுவது.
அங்கே ஐம்பது மணித்தியாலம் என்றால்
ஒரு கட்டிலும் ஒரு அலுமாரியும் வைக்கிற இடம்.
நல்ல கிழமை என்றால் மேசையும் வைக்கலாம்.
இங்கே ஐம்பதில் எத்தனை ஏக்கர் வெட்டினேன் என்று
கணக்குப் பார்க்கவில்லை.
பார்த்தால் சிரிப்பு வரும்.

கறுப்பு நூலாய் இறங்கியது ஒயில்,
பிறகு துளி,
பிறகு யோசித்து யோசித்து
ஒரு துளி.

அதற்குள் வாசர் விழுந்து புல்லுக்குள் போய்விட்டது.
டிலக்சன் அங்கும் இங்கும் துழாவினான்.
"எழும்பு, மிதியாதே" என்று
கொடிக்கயிறு இரண்டு இழுத்துக் கட்டி
ஒரு ஓரத்தில் இருந்து தொடங்கினேன்.
நாலாம் வரிசையில் கிடைத்தது,
ஐந்து சதம் அளவு செம்பு.
புல்லுக்குள் தேடி ஒன்றைக் கண்டு
நான் சந்தோசப்பட்டது
அதுதான் முதல் தரம்.

புது ஒயில் கூடிவிட்டது.
கோலை இழுத்துப் பார்க்க மேல் கோட்டுக்கு மேலே மினுங்கியது.
ஊசி மருந்துக் குழாயால் திரும்ப உறிஞ்சி எடுத்தோம்,
டிலக்சன் பெரிய டொக்டர் மாதிரி.
பழசைச் சின்னராணி கேட்டு வாங்கிப் போனாள்,
வேலிக்கட்டைக்குப் பூசினால் கறையான் அண்டாதாம்.

பின்னேரம் நாலு மணிக்கு ஓடத் தொடங்கினேன்.
சத்தம் நல்லாய் இருந்தது.
பெண்கள் அணி கயிறு இழுத்துப் பழகிக்கொண்டு விலகி நின்றது.
கோல் கம்பத்தடி, தண்ணீர்த் தொட்டி, மேடை,
எல்லாம் ஒரே வேகம்.

மைதானத்தின் தென்மூலையில்,
பாலைமரத்துக்குக் கிட்ட வரும்போது மட்டும்
மெசின் இழுபட்டது.
"ஒயில் பிழையோ அக்கா?" என்று கத்தினான்.
குனிந்து என் காலைப் பார்த்தேன்,
அது பெடலில் இருந்து எழும்பியிருந்தது.

"இல்லையடா,
ஒயில் சரி."